பெயர் எழுத இடமில்லாத உபயம்

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்கு நம்மாலானதைச் செய்ய வேண்டும் என்று நினைக்கும் உபயதாரர்களுக்கு,



ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர், வேலூரில் கடை வைத்திருப்பவர், குடியாத்தத்தில் பாத்திர வியாபாரம் செய்பவர், பெங்களூருக்குப் பிழைக்கப் போய் அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர் என்று உங்களில் பலர் உண்டு. வேண்டுதல் பலித்திருக்கும். பிள்ளைக்கு நல்ல இடத்தில் கல்யாணம் கூடியிருக்கும். கையில் நாலு காசு மிஞ்சியிருக்கும். ‘கோயிலுக்கு ஏதாவது செய்யணும் சார், என்ன செய்யலாம்?’ என்று கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். அந்த மனசுக்கு முதலில் ஒரு கும்பிடு. அந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள பதிலைத்தான் இந்த மடலில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கோயிலுக்குப் புதிதாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. இருப்பதை இருக்கிறபடி வைத்திருக்கத்தான் ஆளும் பணமும் வேண்டும். அப்படிப்பட்ட உபயம் வெளியில் தெரியாது, பெயர் எழுத அதில் இடமும் இருக்காது. ஆனாலும் இங்கே செய்யக்கூடியதில் அதுதான் பெரிது. ஏன் என்று கேட்பீர்கள். கட்டடத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

செதுவாலையில் பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பி ஊருக்குள் வந்தால் முதலில் கண்ணில் நிற்பது மதில். ‘திருவிரிஞ்சை மதிலழகு’ என்பது நம் பக்கத்துச் சொல்வழக்கு. மன்னார்குடிக்காரர்களும் தங்கள் ஊர் மதிலைப் பற்றி இதையே சொல்வார்கள். அந்த வழக்கை அவர்களோடு பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். நம் மதிலின் அழகு எங்கே இருக்கிறது என்று கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பூ வேலையோ சிற்பமோ தேவைப்படாத அழகு அது. ஒரு கல்லின் விளிம்பு அடுத்த கல்லின் விளிம்போடு பொருந்தி உட்காருகிற நேர்த்தியில் இருக்கிறது. கல்லைத் தாங்கி நிற்பது கல்லின் எடைதான். இரண்டு கல்லுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் மழைநீர் உள்ளே போகும், காய்ந்தால் வெளியே வரும். மதில் மூச்சு விடுகிறது என்று பழைய கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். அந்த இடைவெளிகளைச் சிமெண்ட் குழைத்து அடைத்தால் பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பின்னால் உள்ள மண்ணை ஊற வைக்கும். சில மழைக்காலம் கழித்து மதில் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி தள்ளிக்கொண்டு நிற்கும். ‘ஓட்டை அடைத்த உபயம்’ முடிவில் மதிலைச் சாய்த்த கணக்கில்தான் போய்ச் சேரும்.

ராஜகோபுரத்தின் கதை வேறு. கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும். தமிழ்நாட்டுப் பெரிய கோபுரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கட்டப்பட்டவை. மேலே ஏற ஏற எடை குறைய வேண்டும் என்பதற்காகத்தான் கல்லை நிறுத்திவிட்டுச் செங்கல்லுக்கு மாறினார்கள். அந்தச் செங்கல்லுக்கு மேல் சுதை. சுதை நிரந்தரமானது இல்லை என்பது அதைச் செய்தவர்களுக்கே தெரியும். அதனால்தான் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருப்பணியும் குடமுழுக்கும் என்று ஒரு கணக்கு வைத்தார்கள். ஆகமத்தில் அதற்கு என்ன காரணம் சொன்னாலும், கட்டட வேலை தெரிந்தவர்கள் கண்ணுக்கு அது பராமரிப்புக் காலக்கெடுதான். சுண்ணாம்பின் ஆயுளைப் பார்த்து வைத்த கெடு.

சுண்ணாம்பு என்றதும் நம் பக்கத்து ஆட்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். டேனரியில் தோல் முதலில் இறங்குவது சுண்ணாம்புக் குழியில்தானே? முடி கழல்வதும் தோல் உப்பிக் கொடுப்பதும் அங்கேதான். பிறகு பதனிடுவதற்குக் கடுக்காய், ஆவாரம்பட்டை. குரோம் வருவதற்கு முன்னால் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுத் தோல் இப்படித்தான் பதமாகிக் கப்பலேறியது. அதே சுண்ணாம்பையும் அதே கடுக்காயையும் கோயில் கொத்தனாரும் தேடினார். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்றி, நாள் கணக்கில் ஊற வைப்பார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்த்து அரைப்பார். ஆற்று மணலையும் செங்கல் தூளையும் கலப்பார். அரைக்க அரைக்கக் கலவை வெண்ணெய் பதத்துக்கு வரும். பூசிய பின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இழுத்து மெல்லக் கல்லாகும். அவசரப்படுத்தினால் வெடிக்கும். நம் தாத்தாக்களின் கைக்குப் பழகிய பொருள்களை இன்று கோயிலுக்கு வேண்டுமென்றால் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. ‘சுண்ணாம்பு வேலைக்கு ஆள் இல்லை சார்’ என்று காண்ட்ராக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டுச் சிமெண்டுக்குக் காசு கொடுத்துவிடுகிறோம். ஆள் இல்லாமல் போனது வேலை கொடுக்காததால்தான்.

சிமெண்ட் கெட்ட பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் வீட்டுக்கு அது சரி. பழைய செங்கல் மென்மையானது, சுண்ணாம்பும் மென்மையானது. வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும்போது இரண்டும் சேர்ந்தே அசையும். நடுவில் இறுகிப்போன சிமெண்டை வைத்தால், அசையாதது நிற்கும், அசைவது உடையும். உடைவது செங்கல். அதற்கு முன்பே சிமெண்டிலுள்ள உப்பு சுவரில் பூத்துக்கொண்டு வரும். அந்த வெள்ளைப் படிவை மறைக்க மறுபடி பெயிண்ட் உபயம். இந்தச் சங்கிலியைத் தொடங்கி வைத்தவர் நல்ல மனதோடுதான் பணம் கொடுத்திருப்பார்.

இனி, பிராகாரத்துக்குள் வாருங்கள். கோயிலின் தென்பகுதியில் உள்ள ‘நேரம் காட்டும் கல்’ உங்களுக்குத் தெரியும். சுற்றுலா வருகிறவர்கள் செல்போனில் படமெடுத்துக்கொண்டு போகிற கல். அரைவட்டமாகச் செதுக்கி எண்கள் பொறித்திருக்கிறார்கள். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. பலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ‘கால் மணி நேரம் தப்பாக் காட்டுது’ என்று சிரித்துவிட்டுப் போவார்கள். கல் தப்பாகக் காட்டவில்லை. இந்திய நேரம் என்பது கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையில் சூரியன் உச்சிக்கு வருவதை வைத்துக் கணக்கிட்டது. விரிஞ்சிபுரம் ஏறக்குறைய 79 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால், மூன்றரைப் பாகைக்கு 14 நிமிடம். அதனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கைக்கடிகாரம் சராசரியாக 12 மணி 14 நிமிடம் காட்டும். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் அந்தச் சராசரியும் நகரும். நவம்பர் தொடக்கத்தில் நம் உச்சிவேளை 11 மணி 58 நிமிடத்துக்கே வந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12 மணி 28 நிமிடம் வரை தள்ளிப்போகும். கைக்கடிகாரம் சொல்வது நாடு முழுவதற்கும் பொதுவாக வைத்துக்கொண்ட நேரம். கல் சொல்வது விரிஞ்சிபுரத்தின் நேரம்.

இந்த வேறுபாடு எப்போது பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது என்று கேட்டால், ரயில் வந்த பிறகுதான். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடியது. தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் அதுதான். அடுத்த சில ஆண்டுகளில் தண்டவாளம் காட்பாடி, குடியாத்தம் வழியாக ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுச் சமவெளியைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓடிய ரயில் மெட்ராஸ் நேரத்தில் ஓடியது. மெட்ராஸ் வானாய்வகம் 80¼ பாகையில் இருந்தது. நமக்கும் அதற்கும் ஒன்றேகால் பாகை, அதாவது 5 நிமிடம். ஆக, ஸ்டேஷன் கடிகாரத்தைவிட நம் கோயில் கல் சராசரியாக 5 நிமிடம் பின்தங்கியிருக்கும். 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்ததும் அந்த 5 நிமிடம் 14 நிமிடமானது. ஆட்சியும் கடிகாரமும் மாறின. நிழல் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தக் கல்லுக்கு என்ன உபயம் செய்யலாம்? மேலே ஒரு தகர ஷெட் போட்டால் கல் நனையாது, ஆனால் நிழல் இருக்காது. பெயர்த்து எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் பத்திரமாக இருக்கும், நேரம் காட்டாது. கிரானைட் பீடம் கட்டி, சற்றே திருப்பி எடுப்பாக வைத்தால், நேரத்தைத் தப்பாகக் காட்டும். அப்போதுதான் அது உண்மையிலேயே தப்பு. அது இருக்கும் இடத்தில், இருக்கும் திசையில் இருப்பதுதான் அதன் அறிவு. செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: சுற்றி எதுவும் கட்டாமல், எதிரே மரம் வளராமல் பார்த்துக்கொள்வது. கோயில் முழுவதற்கும் இதே கணக்குத்தான் என்பது என் கட்சி.

சிம்ம தீர்த்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கல் சிங்கத்தின் திறந்த வாய்தான் வாசல். அதற்குள் இறங்கிப் போனால் தண்ணீர். கார்த்திகைக் கடை ஞாயிற்றில் நள்ளிரவு அதைத் திறக்கும்போது எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை வரம் வேண்டி எங்கெங்கிருந்தோ வரும் பெண்கள் தீர்த்தமாடி, ஈரப்புடவையோடு பிராகாரத்துத் தரையில் படுக்கிறார்கள். கனவில் பூவோ பழமோ குழந்தையோ வந்தால் வேண்டுதல் பலிக்கும் என்ற நம்பிக்கை. அந்த இரவில் தரை முழுக்கத் தண்ணீர். பழைய கல் தளம் சொரசொரப்பானது. ஈரக்கால் வழுக்காது. கல்லுக்குக் கல் இடைவெளியில் தண்ணீர் இறங்கிவிடும். இதைப் பெயர்த்துவிட்டு மெருகேற்றிய கிரானைட்டோ டைல்ஸோ போட்டால், பகலில் மொட்டை வெயிலில் கால் பொசுங்கும், இரவில் ஈரத்தில் சறுக்கும். கடை ஞாயிற்றில் பிள்ளை வரம் கேட்டு வந்த பெண் கீழே விழுந்து கை முறிந்து போவாள். பல ஊர்களில் ‘தரைத்தள உபயம்’ என்று பெயர் பொறித்த பளபளப்பான கல்லைப் பார்த்திருப்பீர்கள். மழை நாளில் அந்த இடத்தில் சாக்கு விரித்திருப்பார்கள். அதையும் பார்த்திருப்பீர்கள்.

‘அப்படியென்றால் அந்தக் காலத்து ராஜாக்கள் மட்டும் பெயர் பொறிக்கலையா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பொறித்தார்கள். இந்தக் கோயில் சுவரெங்கும் எழுத்து. ஆனால் அவர்கள் பொறித்தவற்றைப் படித்துப் பார்த்தால், பெயரைவிட நிபந்தனைதான் அதிகம் இருக்கும். எந்த ஊர் நிலம், அதன் நான்கு எல்லை, அதில் விளைவது எந்தச் செலவுக்கு, விளக்குக்கு எவ்வளவு எண்ணெய், யார் பொறுப்பு, தவறினால் என்ன என்று வரிசையாக வரும். அது பத்திரம். கொடுத்தவரையும் கோயிலையும் கட்டிப்போடுகிற பத்திரம். இன்றைக்கு ட்யூப் லைட்டில் எழுதுகிற பெயர் யாரை எதற்குக் கட்டுகிறது? பல்பு பியூஸ் போனால் மாற்றித் தருகிறோம் என்றுகூட அதில் இருக்காது.

கோபுரத்திலுள்ள ஒரு கல்வெட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விஜயநகரத்து வீரப் பிரதாப தேவராய மகாராயர் காலம், சக ஆண்டு 1347, நம் கணக்கில் 1425-26. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், அவர்களில் கன்னடம், தமிழ், தெலுங்கு, லாடம் என்று பல வகையினரும் சேர்ந்து, தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். இனிமேல் எங்கள் குடும்பங்களில் கல்யாணம் கன்னிகாதானமாகத்தான் நடக்க வேண்டும். பெண்ணுக்குப் பொன் வாங்கும் தகப்பனும், பொன் கொடுத்துப் பெண் கொள்ளும் மாப்பிள்ளையும் ராஜ தண்டனைக்கு உட்படுவார்கள், சாதியிலிருந்தும் விலக்கப்படுவார்கள். இதுதான் சாரம். அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குப் பணம் கொடுக்கும் பழக்கத்தைத் தடுக்க வேண்டியிருந்தது. இன்றைக்குப் பணம் எந்தத் திசையில் போகிறது என்பது பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். கல்யாணத்தில் காசு கைமாறக் கூடாது என்று ஒரு கூட்டம் தனக்குத் தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு அதற்கு ஐந்து நூற்றாண்டுக்கு மேல் முன்பே நம் ஊர்க் கோபுரத்தில் ஏறியிருக்கிறது. அந்தக் கோபுரத்தின் வழியாகத்தான் மணமக்கள் மாலையும் கழுத்துமாக உள்ளே போகிறார்கள். எழுத்தை எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள்?

இந்தக் கல்வெட்டு நமக்குத் தெரிய வந்த கதையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதைதான். அதற்கு முன், அந்த நூற்றாண்டில் கோயில்கள் யார் கையில் இருந்தன என்று சொல்லிவிடுகிறேன். 1801-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து வட ஆற்காட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. கோயில் நிர்வாகத்தை மேற்பார்க்க 1817-இல் கம்பெனி ஒரு சட்டம் போட்டது. கிறிஸ்தவ அரசு இந்துக் கோயிலை நடத்துவதா என்று இங்கிலாந்தில் எதிர்ப்புக் கிளம்பியதும் மெல்லக் கையைக் கழுவியது. 1863-ஆம் ஆண்டின் இருபதாவது சட்டம் அந்த விலகலை முடித்து வைத்தது. கோயில்கள் தர்மகர்த்தாக்கள் கைக்கும் கமிட்டிகள் கைக்கும் போயின. அரசு மறுபடி உள்ளே வந்தது 1920-களில் அறநிலைய வாரியம் அமைந்தபோதுதான். நடுவில் அறுபது ஆண்டு. 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் வட ஆற்காட்டையும் வாட்டிய காலம் அதற்குள்தான் வருகிறது. ராஜாவும் இல்லை, சர்க்காரும் இல்லை. தமிழ்நாட்டுக் கோயில்கள் அந்தக் காலத்தைக் கடந்தது ஊரார் கொடுத்த எண்ணெயிலும் நெல்லிலும், உங்களைப் போன்ற உபயதாரர்களாலும். அதனால்தான் இந்த மடலை அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இனி கல்வெட்டுக் கதைக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், 1886-இல், சென்னை அரசு ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞரைக் கல்வெட்டு ஆய்வாளராக நியமித்தது. அவர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி 1890-இல் வெளிவந்தது. அதில் விரிஞ்சிபுரத்துக் கல்வெட்டுகள் இடம் பெற்றிருக்கின்றன. படி எடுப்பது எளிய வேலை. கல்லைச் சுத்தம் செய்து, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மையை ஒற்றுவார்கள். எழுத்து வெள்ளையாகவும் சுற்றிக் கறுப்பாகவும் வரும். அந்தப் பள்ளம் ஒரு நெல் தடிமன்கூட இருக்காது. மணல் வீச்சு எந்திரத்தை வைத்துக் கல்லைப் ‘புத்தம் புதிதாக’ ஆக்கினால் முதலில் போவது அந்தப் பள்ளம்தான். எனாமல் பெயிண்ட் அடித்தால் அது தூர்ந்துபோகும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் அரித்துப்போகும். மணல் வீச்சுக்கு அரசு தடை விதித்திருக்கிறது. ‘கல்லெல்லாம் கறுத்துப் போய்க் கிடக்குது, பளிச்சுன்னு ஆக்கித் தாங்க’ என்று பணத்தோடு வருகிறவர் இருக்கும்வரை, தடைக்குப் பக்கத்திலேயே ஒரு சந்தும் இருக்கும்.

காப்பது என்றால் என்ன என்பதற்கு வேலூர்க் கோட்டையைவிட நல்ல பாடம் நம் பக்கத்தில் இல்லை. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தை வேலூருக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். யாளியும் குதிரை வீரனுமாகத் தூண்கள் பாய்ந்து வருகிற மண்டபம். 1876-இல் வெளிவந்த ஃபெர்குசனின் இந்தியக் கட்டடக்கலை வரலாற்றில் பேசப்பட்டது. அந்த மண்டபத்தைக் கழற்றி இங்கிலாந்துக்குக் கப்பலேற்ற ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் திட்டமிட்டார்கள் என்றொரு கதையை வேலூரில் இன்றும் சொல்வார்கள். அந்தக் கோயிலில் தலைமுறை தலைமுறையாகப் பூசை இல்லை. மூலவர் சத்துவாச்சாரியில் இருந்தார். கோயில் கிடங்காகக் கிடந்தது. 1981 மார்ச்சில்தான் லிங்கம் மறுபடி உள்ளே வந்தது. யாரும் வராததால், யாரும் எதையும் மாற்றாததால், கல் அப்படியே இருந்தது. விலை, அத்தனை காலமும் விளக்கில்லாத கருவறை.

விரிஞ்சிபுரத்தில் அந்த நிலை வரவில்லை. அருணகிரிநாதர் பாடிய காலத்திலும் வழிபாடு இருந்தது. வேலூர் சின்ன பொம்ம நாயக்கர் ஆதரித்த அப்பய்ய தீட்சிதர் மார்க்கபந்துவைத் துதித்த பதினாறாம் நூற்றாண்டிலும் இருந்தது. இன்றும் இருக்கிறது. வேலூர்க் கோயில் பூட்டியதால் பிழைத்தது. நம் கோயில் திறந்திருந்தும் பிழைத்தது. இரண்டாவதுதான் கஷ்டம். திறந்திருக்கிற கட்டடத்தில் ஒவ்வொரு நாளும் எண்ணெய் வழியும், கற்பூரப் புகை படியும், ஒயர் ஓடும், யாராவது ஒருவர் ஆணி அடிப்பார். கல்லில் துளை போட்டு இரும்புக் கம்பி செருகினால், கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளக்கும். வழிபாடு நிற்கவும் கூடாது, கல் சாகவும் கூடாது. இரண்டையும் கூட்டிப் போவதற்குத்தான் நாம் இருக்கிறோம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பழைய கோயில்களில் திருப்பணி என்றால் தொல்லியல் தெரிந்த வல்லுநர் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பது இன்று நடைமுறை. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பதற்கு 75 உத்தரவுகள் பிறப்பித்தது. ஆனால் தாளில் இருக்கும் உத்தரவு கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காது. பாலாற்று விஷயத்தில் நமக்கு இது தெரியாதா? டேனரிக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் கொடுத்த தீர்ப்பு நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. பாலாற்றங்கரையில் கிணறு வைத்திருப்பவரைக் கேட்டால் தண்ணீரின் ருசியைச் சொல்வார்.

சரி, என்ன செய்யலாம் என்று திட்டவட்டமாகச் சொல்கிறேன்.

முதல் உபயம், மேல்தளம். மண்டபங்கள் ஒழுகுவதற்குக் காரணம் கல் பலகைகளுக்கு மேலுள்ள, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுருக்கித் தளம் விரிசல் விடுவது. பழைய சுண்ணாம்புக் கலவையிலேயே அதைச் செப்பனிட வேண்டும். சிமெண்ட் தளத்தை மேலே ஏற்றினால் எடைதான் கூடும். கீழே நிற்கிற தூண்கள் அந்த எடையைக் கேட்கவில்லை.

இரண்டாவது, செடி. கோபுரத்திலும் மதிலிலும் பறவை போட்ட விதையிலிருந்து அரசும் ஆலும் முளைக்கும். இரண்டு இலை விட்டபோது ஒரு ஆள் கையால் பிடுங்கிவிடலாம். வேர் செங்கல்லுக்குள் இறங்கிவிட்டால் ஒரு நிலையையே பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். மழைக்கு முன்னும் பின்னும் ஆள் ஏறிப் பார்க்க ஆண்டுக்கு இரண்டு நாள் கூலி. இதைவிட மலிவான திருப்பணி உலகத்தில் இல்லை.

மூன்றாவது, தண்ணீர் போகும் வழி. பழைய வடிகால்களைத் தூர்வாரி, மதிலடியில் நீர் தேங்காமல் பார்ப்பது. 2021 நவம்பரில் பாலாறு இருகரை தொட்டு ஓடியதைப் பார்த்தோம். அந்த ஆற்றங்கரையில் நிற்கிற கட்டடத்துக்கு வடிகால்தான் உயிர்.

நான்காவது, படம். ஒவ்வொரு கல்வெட்டையும் தூணையும் சிற்பத்தையும் இன்று இருக்கிறபடி நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, எண் கொடுத்து, ஒரு படி கோயிலிலும் ஒரு படி வேலூர் அருங்காட்சியகத்திலும் வைப்பது. அடுத்த திருப்பணிக்கு வருகிற ஸ்தபதிக்கும் நாளைக்கு வழக்காடப் போகிறவருக்கும் அதுதான் கணக்குப் புத்தகம். கல்யாண உடன்படிக்கைக் கல்வெட்டுக்குப் பக்கத்தில், சுவரைத் தொடாமல் தனியே நிற்கும் ஒரு சிறு பலகையில் அதன் செய்தியை எளிய தமிழில் எழுதி வைக்கலாம். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் படிக்கட்டும்.

ஐந்தாவது, ஆள். நம் ஊர்ப் பையன்கள் நாலு பேரைச் சுண்ணாம்பு வேலை பழக ஒரு நல்ல ஸ்தபதியிடம் அனுப்பி, பழகும் காலத்துக்குச் சம்பளம் கொடுப்பது. இந்த ஒரு கோயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. பள்ளிகொண்டா, வேலூர், ஆற்காடு என்று பாலாற்றங்கரை நெடுக அவர்களுக்கு வேலை காத்திருக்கிறது.

பெயர் வேண்டாமா? வேண்டும், அது நியாயமான ஆசைதான். கோயில் அலுவலகத்தில் ஒரு பெரிய நோட்டு வைப்போம். எந்த ஆண்டு, யார், எதற்கு, எவ்வளவு, யார் கையால் வேலை நடந்தது, என்ன கலவை, எத்தனை நாள் என்று எழுதுவோம். பழைய கல்வெட்டுகள் செய்த வேலையும் அதுதான். பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒருவர் அதைப் பிரித்து, ‘போன தடவை தெற்குத் தளத்துக்கு இன்னார் கொடுத்திருக்கிறார், இன்ன கலவை போட்டிருக்கிறார்கள், இன்னும் ஒழுகவில்லை’ என்று படித்தால் அதைவிட வேறென்ன பேர் வேண்டும்?

அடுத்த குடமுழுக்குப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே நாம் ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும். எந்த இடம் ஒழுகுகிறது, எந்த இடத்தில் செடி முளைத்திருக்கிறது, எதைத் தொடவே கூடாது என்று கோயிலைச் சுற்றி வந்து ஒரு பட்டியல் போடுவோம். அதை எடுத்துக்கொண்டு முறைப்படி நிர்வாகத்திடமும் வல்லுநர்களிடமும் போவோம். டைல்ஸ் கடைக்கும் பெயிண்ட் கடைக்கும் அட்வான்ஸ் கொடுக்க நினைத்திருப்பவர்கள் அதுவரை கொஞ்சம் பொறுங்கள். பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள். சுண்ணாம்பு வாங்கத் தேவைப்படும்.

அன்புடன்,
விரிஞ்சிபுரத்துக்காரன் ஒருவன்